எது எளிது, எது கடினம்? கணினிக் கேள்வி பதில்

பெங்களூரு வாசகர்கள் இந்த மாதம் அனுப்பிய கேள்விகளில் பல ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ஒரு வேலை கம்ப்யூட்டருக்கு எவ்வளவு கடினம் என்பதை எப்படி அளப்பது? அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் தருகிறோம்.

அல்சூர், பி.சி.ஏ. மாணவி: பாடத்தில் "இந்த அல்காரிதம் கடினம்" என்றும் வருகிறது, "இந்தப் பிரச்சினை கடினம்" என்றும் வருகிறது. இரண்டும் ஒன்றுதானே? மெஷினுக்கு மெஷின் வேகம் மாறும்போது இந்த அளவு எப்படி நிலையாக இருக்கும்?

இரண்டும் வேறு வேறு. இந்தத் துறையே அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. அதற்கு முன் வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

இங்கே விநாடிகளை எண்ணுவதில்லை. ஒப்பிடுதல், கூட்டுதல் போன்ற அடிப்படைச் செயல்களை எண்ணுகிறோம். உள்ளீடு பெரிதாகப் பெரிதாக அந்த எண்ணிக்கை எந்த விதத்தில் வளர்கிறது என்பதுதான் அளவு. பத்து மடங்கு வேகமான மெஷின் வாங்கினால் ஒவ்வொரு நேரமும் பத்தில் ஒரு பங்காகும். வளரும் விதம் அப்படியே இருக்கும். இப்படி அளக்கும் முறையை 1965-இல் ஹார்ட்மானிஸும் ஸ்டேர்ன்ஸும் முறைப்படுத்தினார்கள். கணினியியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது, 1993-ஆம் ஆண்டில், அதற்காகத்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

வளரும் விதம் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பொருள்களில் எல்லாவிதத் தேர்வுகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க 2-இன் 60 அடுக்கு முறை சோதிக்க வேண்டும். விநாடிக்கு 100 கோடி சோதனை என்றாலும் 36 ஆண்டுக்கு மேல் ஆகும். பத்து மடங்கு வேகமான மெஷின் வந்தால், அதே 36 ஆண்டில் 63 பொருள்களை முடிக்கலாம். கூடியது மூன்றே பொருள். அளவின் வர்க்கமாக வளரும் வேலையாக இருந்தால், அதே மெஷின் மூன்று மடங்குக்கும் மேல் பெரிய உள்ளீட்டைத் தாங்கும். 1965-இல் ஜாக் எட்மண்ட்ஸ் இந்த இடத்தில்தான் கோடு போட்டார்: பல்லுறுப்புக் கோவையாக வளர்ந்தால் நல்ல அல்காரிதம், அடுக்குக்குறியாக வளர்ந்தால் இல்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பள்ளியில் கற்ற பெருக்கலில், 1,000 இலக்க எண்கள் இரண்டைப் பெருக்க 10 லட்சம் ஒற்றை இலக்கப் பெருக்கல்கள் வேண்டும். இதற்கு மேல் குறைக்க முடியாது என்று பெரிய ரஷ்யக் கணித அறிஞரான ஆந்திரேய் கோல்மோகோரோவே கருதினார். 1960-இல் மாஸ்கோவில் அவருடைய கருத்தரங்கில் உட்கார்ந்திருந்த 23 வயது கரத்சுபா, ஒரே வாரத்தில் வேறு வழி கண்டுபிடித்தார். எண்ணை இரு பாதியாக வெட்டினால் நான்கு பெருக்கல் தேவைப்படுவது போலத் தெரியும். கூட்டல் கழித்தலைச் சேர்த்துக்கொண்டால் மூன்றே போதும். அதையே ஒவ்வொரு பாதிக்கும் திரும்பத் திரும்பச் செய்தால், 10 லட்சம் என்பது சுமார் 57,000 ஆகிவிடுகிறது. ஆகப் பள்ளி முறைதான் கடினமாக இருந்தது. பெருக்கல் என்ற பிரச்சினை அவ்வளவு கடினம் இல்லை.

ஒரு அல்காரிதத்தைக் காட்டினால் "இவ்வளவு போதும்" என்று நிரூபித்ததாகும். இது மேலெல்லை. "இதற்குக் குறைந்து முடியாது" என்று சொல்ல வேண்டுமானால், இன்னும் யாரும் எழுதாத அல்காரிதங்களுக்கும் சேர்த்துப் பேச வேண்டும். பெரும்பாலான பிரச்சினைகளுக்கு இந்தக் கீழெல்லை கிடைக்கவில்லை. கிடைத்த அழகான சில இடங்களில் வரிசைப்படுத்தல் ஒன்று. 5 எண்களின் வரிசை 120 விதமாக இருக்கலாம். ஒவ்வொரு ஒப்பீடும் ஆம், இல்லை என இரண்டே பதில் தரும். 6 ஒப்பீட்டால் 64 விதங்களைத்தான் பிரிக்கலாம். எனவே 7 கட்டாயம், 7 போதவும் போதும். 12 எண்களுக்கு இதே கணக்கு 29 என்கிறது. ஆனால் 29-இல் முடியாது, 30 வேண்டும் என்பது கம்ப்யூட்டர் தேடலால் நிறுவப்பட்டது. வெறும் 12 எண்களிலேயே எளிய வாதம் ஒன்று பிசகுகிறது! பரீட்சைக்குப் படிக்கும்போது மேலெல்லை எது, கீழெல்லை எது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் பிரித்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மாரத்தஹள்ளி, மென்பொருள் பணியாளர்: வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை இருந்தால் நீக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட். டெஸ்டிங்கில் 5,000 பதிவுக்கு 2 விநாடி. லைவில் 4 லட்சம் பதிவு, மூன்று மணி நேரம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய சர்வர் வாங்கலாம் என்கிறார்கள். சரியா?

வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள். 5,000-இலிருந்து 4 லட்சம் என்பது 80 மடங்கு. வேலை நேர்விகிதமாக வளர்ந்திருந்தால் 160 விநாடியில் முடிந்திருக்கும். வரிசைப்படுத்தி ஒப்பிடும் முறையாக இருந்தால் ஏறத்தாழ 120 மடங்கு, அதாவது 4 நிமிடம். வர்க்கமாக வளர்ந்தால் 6,400 மடங்கு, 12,800 விநாடி, 3 மணி 33 நிமிடம். உங்கள் ஸ்கிரிப்ட் மூன்று மணி தாண்டியும் ஓடுகிறது என்றால் சந்தேகம் நேராக வர்க்கத்தின் மேல்தான் விழுகிறது. இரு மடங்கு வேகமான சர்வர் அதை ஒன்றே முக்கால் மணியாக்கும். அடுத்த ஆண்டு பதிவுகள் இரட்டித்தால் ஏழு மணி ஆகிவிடும்.

சந்தேகத்தை உறுதி செய்ய இரட்டிப்புச் சோதனை போதும். லைவ் தரவிலிருந்தே 5,000, 10,000, 20,000, 40,000 பதிவுகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முறை ஓட்டி, மிகக் குறைந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், பின்னணியில் ஓடும் மற்ற வேலைகள் நேரத்தைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. பிறகு ஒவ்வொரு நேரத்தையும் அதற்கு முந்தையதால் வகுங்கள். விகிதம் 2-ஐ ஒட்டி நின்றால் நேர்விகிதம். 2-ஐச் சற்றே தாண்டினால் வரிசைப்படுத்தல் வகை. 4 என்றால் வர்க்கம், 8 என்றால் கனம். 2, 8, 32, 128 விநாடி என்று வந்தால் இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடங்கள் உண்டு. மிகச் சிறிய உள்ளீட்டில் பைத்தான் தொடங்கும் நேரமே பெரிதாக இருப்பதால் விகிதம் 1-ஐ ஒட்டி வரும். கடைசி இரண்டு மூன்று விகிதங்களைத்தான் நம்ப வேண்டும். கோப்பைப் படிக்கும் நேரத்தைத் தனியே அளந்து கழித்துவிடுங்கள். லேப்டாப் சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரிய அளவுகளைக் கடைசியில் ஓட்டும்போது அது வர்க்க வளர்ச்சி போலவே தோற்றம் காட்டும். தரவு கேஷ் என்ற பிராசசரின் சிறிய, வேகமான நினைவகத்தில் அடங்காமல் போகும் இடத்தில் விகிதம் ஒரே ஒரு முறை எகிறிப் பிறகு பழையபடி ஆகும். அதை வளர்ச்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் மருந்து, நேரத்தை விட்டுவிட்டு உள்ளே ஒரு எண்ணியை வைத்து ஒப்பீடுகளை எண்ணுவது. எண்ணிக்கை சூட்டில் மாறாது.

லைவ் தரவையே எடுக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. முதல் உறுப்பையே பிளவுப் புள்ளியாக எடுக்கும் குவிக் சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை, கலைந்த தரவில் பிரமாதமாக ஓடும். ஏற்கெனவே வரிசையாக இருக்கும் தரவில் வர்க்கமாகிவிடும். டெஸ்ட் தரவை ரேண்டமாக உருவாக்கியவர்களுக்கு இது லைவில்தான் தெரியவரும்.

இனி குற்றவாளி. உங்கள் ஸ்கிரிப்டில் லூப்புக்குள் "இந்தப் பதிவு ஏற்கெனவே பார்த்த லிஸ்டில் இருக்கிறதா" என்று கேட்கும் ஒரு வரி இருக்கும். லிஸ்டில் அந்தக் கேள்வி முதலிலிருந்து கடைசிவரை நடக்கிறது. லிஸ்டை செட் ஆக்கினால் ஒவ்வொரு கேள்வியும் சராசரியாக மாறா நேரத்தில் முடியும். மாற்ற வேண்டியது ஒன்றிரண்டு வரிதான். செட்டில் போடும் பொருள் மாறாததாக இருக்க வேண்டும் என்பதால், பதிவை டிக்ஷனரியாக வைத்திருந்தால் பெயர், போன் எண் இரண்டையும் ஒரு டியூப்பிளாக்கிப் போடுங்கள். அங்கே இல்லை என்றால் லிஸ்டின் தலைப்பில் செருகும் வரி உண்டா என்று தேடுங்கள். ஒவ்வொரு செருகலுக்கும் மற்ற எல்லா உறுப்புகளும் ஓரிடம் நகர்கின்றன. டேட்டாபேஸை ஒவ்வொரு பதிவுக்கும் தனியாகக் கூப்பிட்டால் அது வேறு நோய்: ஒரு அழைப்புக்கு 1 மில்லிவிநாடி என்றாலும் 4 லட்சத்துக்கு 400 விநாடி. இது நேர்விகிதம்தான், இரட்டிப்புச் சோதனையில் 2 என்றே காட்டும். அழைப்புகளைக் கட்டுக்கட்டாக அனுப்பினால் தீரும்.

அதே வாசகர்: எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் படித்துப் பார்த்து "இது வர்க்கம், இது நேர்விகிதம்" என்று சொல்லும் டூல் ஒன்று எழுத முடியாதா?

எல்லா புரோகிராமுக்கும் சொல்லும் டூல் முடியாது. 1936-இல் ஆலன் டூரிங் நிறுவியதிலிருந்தே இது வருகிறது: ஒரு புரோகிராம் என்றாவது நிற்குமா என்று பொதுவாகத் தீர்மானிக்க வழியில்லை. உங்கள் டூல் இருந்தால் அதை வைத்து இதைத் தீர்மானித்துவிடலாம். சந்தேகத்துக்குரிய புரோகிராமை உள்ளீட்டின் அளவு எத்தனையோ அத்தனை அடிகள் மட்டும் ஓட்டிப் பார்க்கும் புதிய புரோகிராம் ஒன்றை எழுதுங்கள். அதற்குள் அது நின்றுவிட்டால், வேண்டுமென்றே வர்க்க அளவு வெட்டி வேலை செய்யட்டும். நிற்காவிட்டால் உடனே முடியட்டும். இந்தப் புதியது வர்க்கம் என்று டூல் சொன்னால் பழையது நிற்கும். நேர்விகிதம் என்றால் ஒருபோதும் நிற்காது. டூரிங் முடியாது என்றதை டூல் செய்துவிட்டது, ஆகவே அப்படி ஒரு டூல் இல்லை. எத்தனை முறை சுற்றும் என்பது முன்பே தெரிந்த ஃபார் லூப்புகள் மட்டும் கொண்ட புரோகிராம்களுக்கு நல்ல டூல்கள் சாத்தியம். அன்றாட வேலைக்கு அது பெரும்பாலும் போதும்.

ஸ்ரீராம்புரம், வீட்டுச் சாப்பாடு அனுப்பும் வாசகி: மதியம் ஒரே ஸ்கூட்டரில் 19 வீடுகளுக்குச் சாப்பாடு போகிறது. எந்த வரிசையில் போனால் சீக்கிரம் முடியும் என்று கம்ப்யூட்டர் சொல்லுமா? அது உலகத்திலேயே தீராத கணக்கு என்கிறான் மகன்.

சொல்லும் அம்மா, அதுவும் விநாடிக்கணக்கில். தம்பி சொல்வது வீடுகளின் எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போவதைப் பற்றியது. பத்தொன்பதுக்கு அந்தப் பயம் தேவையில்லை.

எல்லா வரிசைகளையும் சோதிக்கப் போனால் முடியாது என்பது உண்மை. உங்கள் ஊரில் ஒருவழிப் பாதைகள் இருப்பதால் போகும் திசையும் கணக்கு. 19 வீடுகளை வரிசைப்படுத்த சுமார் 1,216 கோடி கோடி வழிகள் உண்டு. விநாடிக்கு 100 கோடி பார்த்தாலும் 3 ஆண்டு 10 மாதம். ஆனால் 1962-இல் ஹெல்டும் கார்ப்பும், தனியாகப் பெல்மனும், ஒன்றைக் கவனித்தார்கள்: மீதி வழியைத் தீர்மானிக்க, எந்தெந்த வீடுகள் முடிந்தன, இப்போது எந்த வீட்டில் நிற்கிறோம் என்ற இரண்டு மட்டும் தெரிந்தால் போதும். முன்பு எந்த வரிசையில் போனோம் என்பது வேண்டாம். அப்படி ஒரு அட்டவணை போட்டால் 2-இன் 19 அடுக்கு பெருக்கல் 19, ஏறக்குறைய 1 கோடி கட்டங்கள். கட்டத்துக்கு 4 பைட் என்றால் 40 எம்பி. சாதாரண லேப்டாப் போதும்.

வீடுகள் 29 ஆனால் இதே அட்டவணை 1,557 கோடி கட்டங்களாகி 62 ஜிபி கேட்கும். நேரத்துக்கு முன்பே நினைவகம் தீர்ந்துவிடும். எனவே வியாபாரம் பெருகும்போது முதலில் செய்ய வேண்டியது, ஒரே அபார்ட்மென்டில் இருப்பவர்களை ஒரே புள்ளியாகச் சேர்ப்பது. ஒவ்வொரு சேர்க்கையும் அட்டவணையைப் பாதிக்கும் கீழே இறக்கும். மெஷினை மாற்றுவதைவிட இது பெரிய லாபம்.

தேவையான தகவல் 380 எண்கள்: சமையலறையும் 19 வீடுகளுமாக 20 இடங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற 19-க்கும் ஆகும் நிமிடங்கள். கிலோமீட்டரைப் போடாதீர்கள்; மதிய நெரிசலில் அது பொய் சொல்லும். மேப்பில் மதியம் 12 மணியளவில் காட்டும் நேரத்தை எடுங்கள். போக ஆகும் நேரமும் வர ஆகும் நேரமும் வேறு வேறாக இருக்கும், இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். யாருக்காவது 12.30-க்குள் சேர வேண்டுமென்றால், அந்த வீட்டுக்குத் தாமதமாக வந்து சேரும் கட்டங்களை அட்டவணையிலிருந்து அடித்துவிட்டால் போதும். தம்பி புரோகிராம் எழுதுவான் என்றால் ஒரு நாள் வேலை. இல்லையென்றால் கூகுளின் இலவச ஓஆர்-டூல்ஸ் நூலகம் இந்த வேலையைச் செய்யும். அது தரும் பதில் மிகச் சிறந்ததுதான் என்பதற்கு உத்தரவாதம் இருக்காது, நடைமுறைக்கு நன்றாகவே இருக்கும்.

கம்ப்யூட்டரே வேண்டாம் என்றால், எப்போதும் அடுத்து மிக அருகில் உள்ள வீட்டுக்குப் போகும் வரிசையை எழுதுங்கள். இதில் ஓரத்தில் இருக்கும் இரண்டொரு வீடுகள் கடைசிக்குத் தள்ளப்பட்டு நீண்ட ஓட்டமாகிவிடும். அந்த வீட்டை எடுத்து வேறு இரண்டு வீடுகளுக்கு நடுவே செருகினால் நேரம் குறைகிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு மூன்று வீடுகளைக் கட்டாக எடுத்தும் செருகிப் பாருங்கள். இனிக் குறையாது என்ற நிலை வந்தால் நிறுத்தலாம். புத்தகங்கள் சொல்லும் இன்னொரு உத்தி, வழியின் நடுப்பகுதியைத் தலைகீழாகத் திருப்புவது. ஒருவழிப் பாதையில் திரும்பிய பகுதி முழுவதற்கும் நேரம் மாறிவிடும் என்பதால் அதை மறுபடி கூட்டாமல் நம்பக் கூடாது.

தம்பிக்கு ஒரு செய்தி: இந்தக் கணக்கில் 85,900 புள்ளிகள் கொண்ட ஒன்று, கான்கார்ட் என்ற மென்பொருளால் 2006-இல் மிகச் சரியாகத் தீர்க்கப்பட்டது. "கடினம்" என்ற முத்திரை பிரச்சினையின் எல்லா உதாரணங்களுக்கும் சேர்த்துக் குத்தப்படுவது. கையில் இருக்கும் ஒரு உதாரணம் அதற்குள் எளிதாகவே இருக்கலாம்.

கே.ஆர்.புரம், பள்ளி ஆசிரியை: 24 வகுப்பு, வாரம் 40 பீரியட். முன்பெல்லாம் டைம் டேபிள் சாஃப்ட்வேர் சில நிமிடத்தில் முடிக்கும். பகுதிநேர ஆசிரியர்கள் வந்த பிறகு இரவு முழுக்க ஓடுகிறது. முடிவும் இல்லை, "முடியாது" என்றும் சொல்வதில்லை. என்ன செய்ய?

உங்கள் பள்ளி எளிதுக்கும் கடினத்துக்கும் நடுவே இருக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த எல்லை எங்கே என்பது துல்லியமாகத் தெரியும்.

எல்லா ஆசிரியர்களும் 40 பீரியடும் இருப்பார்கள், வேறு நிபந்தனை இல்லை என்றால், எந்த ஆசிரியருக்கும் 40-ஐத் தாண்டாமல், எந்த வகுப்புக்கும் 40-ஐத் தாண்டாமல் இருந்தாலே டைம் டேபிள் கட்டாயம் உண்டு. அதை விரைவாகக் கண்டுபிடிக்கவும் முடியும். 1916-இல் ஹங்கேரியின் டேனஸ் கோனிக் நிரூபித்த தேற்றம் இதற்கு அடிப்படை. "இந்த ஆசிரியர் இந்த நேரத்தில் மட்டும் வருவார்" என்று சேர்த்தவுடன் நிலைமை மாறுகிறது. 1976-இல் ஈவன், இட்டாய், ஷமீர் மூவரும் காட்டினார்கள்: ஒவ்வொரு ஆசிரியரும் அதிகபட்சம் 2 பீரியடே வருபவர் என்றால் இன்னும் எளிதுதான், மொத்தம் 3 பீரியட் ஆனாலே என்பி-முழுமை. அதாவது, விரைவான பொது அல்காரிதம் எதுவும் தெரியாத அந்தப் பெரிய குடும்பத்தில் சேர்ந்துவிடுகிறது.

"முடியாது" என்று கூடச் சொல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் ஏதோ ஒரு சிறிய எண்ணிக்கை முரண். ஓர் உதாரணம்: இரண்டு பகுதிநேர ஆசிரியர்கள் திங்கள், செவ்வாய் காலை 4 பீரியட் மட்டும் வருகிறார்கள், ஆக 8 பீரியட். பத்தாம் வகுப்பு ஏ பிரிவுக்கு இருவரும் தலா 5 பீரியட் எடுக்க வேண்டும். 10 பாடங்கள் 8 இடத்தில் அடங்காது என்று நமக்குப் பார்த்தவுடன் தெரிகிறது. ஒவ்வொரு பாடத்தையும் ஒவ்வோர் இடத்தில் வைத்து எடுத்துத் தேடும் மென்பொருளுக்குத் தெரியாது. இத்தகைய புறாக்கூண்டு முரண்களை, தேடலில் பரவலாகப் பயன்படும் ரெசல்யூஷன் என்ற தர்க்க முறையால் நிறுவ அடுக்குக்குறி நீளமான நிரூபணம் வேண்டும் என்று ஹாக்கன் 1985-இல் நிறுவினார். உங்கள் மென்பொருள் இரவெல்லாம் செய்வது இது போன்றதுதான்.

எனவே மென்பொருளுக்குக் கொடுக்கும் முன் கையால் எண்ணுங்கள். ஒவ்வொரு பகுதிநேர ஆசிரியருக்கும் வரும் பீரியடும் ஒதுக்கிய பீரியடும். வாரம் 12 வருபவருக்கு 14 ஒதுக்கியிருப்பது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். பிறகு ஒவ்வொரு லேபுக்கும். பிறகு மேலே சொன்னது போல, ஒரே நேரத்தில் வரும் ஆசிரியர்களைச் சேர்த்து ஒவ்வொரு வகுப்புக்கும். இரட்டைப் பீரியட் வேண்டிய பாடங்களை எண்ணும்போது, இடைவேளையால் வெட்டுப்படும் ஜோடிகளைக் கழித்துவிடுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் முடியவில்லையென்றால், "இருந்தால் நல்லது" வகை விருப்பங்களை எல்லாம் நீக்கிவிட்டு ஓட்டுங்கள். முதல் பீரியட் கணக்கு வேண்டும், கடைசி பீரியட் பி.டி. வேண்டும் என்பவை அவை. அவை இல்லாமல் முடிந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். அப்போதும் முடியாவிட்டால் கட்டாய நிபந்தனைகளில் பாதியை எடுத்துவிட்டுப் பாருங்கள். முடிந்தால் சிக்கலில் எடுத்த பாதிக்கும் பங்கு உண்டு. நாலைந்து சுற்றில் முரண் இருக்கும் இடம் சுருங்கிவிடும். இன்னொன்று, இரவு முழுக்க ஓடவிடாதீர்கள். இப்படிப்பட்ட தேடல்களில் தொடக்கத்தில் எடுத்த ஒரு தவறான முடிவு மணிக்கணக்காகக் கட்டிப்போடும். அதே கணக்கு வேறு தொடக்கத்தில் சில நிமிடத்தில் முடியலாம். 10 நிமிடத்தில் நிறுத்தி, ரேண்டம் தொடக்கத்தை மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

இந்திராநகர் வாசகர்: பி, என்பி புதிரை குவாண்டம் கம்ப்யூட்டர் தீர்த்துவிடுமா?

அது மெஷின் வேகத்தால் தீரும் கேள்வி இல்லை, நிரூபணம் வேண்டும் கேள்வி. பதிலைச் சரிபார்ப்பது எளிதாக இருக்கும் பிரச்சினைகள் என்பி, பதிலைக் கண்டுபிடிப்பதும் எளிதாக இருப்பவை பி. இரண்டும் ஒன்றேதானா? கணினியியலாளர் ஸ்டீபன் குக் 1971-இல் கேட்டார். 1972-இல் கார்ப் 21 பிரச்சினைகளைக் காட்டி, இதில் ஒன்று எளிதானால் எல்லாம் எளிது என்றார். கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசு இதற்கு இன்னும் அப்படியே இருக்கிறது. குவாண்டம் மெஷின் பெரிய எண்களைக் காரணிப்படுத்திவிடும் என்று 1994-இல் ஷோர் காட்டினார். ஆனால் காரணிப்படுத்தல் என்பி-முழுமை என்று யாரும் நிறுவவில்லை, அப்படி இருக்காது என்பதே பெரும்பாலோர் கருத்து. பொதுவான தேடலில் குரோவர் முறை என்ற குவாண்டம் அல்காரிதம் தருவது வர்க்கமூல லாபம். 2-இன் 60 அடுக்கு 2-இன் 30 அடுக்காகும். அளவு இரட்டித்தால் மறுபடி பழைய இடம்.

மல்லேஸ்வரம், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்: பகா எண்ணா என்று சோதிப்பது எளிது என நம் நாட்டவர் நிறுவினார்கள் என்று படித்தேன். அப்படியானால் வங்கிகளின் ரகசியக் குறியீடு உடைந்துவிடாதா?

உடையாது ஐயா. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் நிறுவியது, ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதைப் பல்லுறுப்புக் கோவை நேரத்தில், சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லலாம் என்பது. பகா எண் இல்லை என்று தெரிந்த பிறகும் அதன் காரணிகள் எவை என்று அந்த முறை சொல்லாது. ஆர்எஸ்ஏ என்ற பரவலான ரகசியக் குறியீடு, காரணிகளைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதன் மேல்தான் நிற்கிறது. 250 இலக்கம் கொண்ட ஆர்எஸ்ஏ எண் ஒன்றை 2020-இல் காரணிப்படுத்த, ஒரே பிராசசர் கோரில் ஓட்டியிருந்தால் சுமார் 2,700 ஆண்டு ஆகும் அளவு வேலை தேவைப்பட்டது.

இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும். நடைமுறையில் பகா எண் தேடுபவர்கள் மில்லர்–ராபின் சோதனையையே பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பகு எண் தப்பிப்பதற்கான வாய்ப்பு அதிகபட்சம் நான்கில் ஒன்று. 40 சுற்றில் அது 2-இன் 80 அடுக்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். கான்பூர் முறை நிச்சயமானது, ஆனால் மெதுவானது. அதன் பெருமை வேறு: பல காலமாக எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்த ஒரு பிரச்சினையை எளிது என்ற பக்கத்தில் உறுதியாக வைத்தது, அதுவும் நல்ல இளங்கலை மாணவர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய கணிதத்தால். கோட்பாட்டுக் கணினியியலுக்கான கோடல் பரிசு 2006-இல் அதற்குக் கிடைத்தது.

ஜெயநகர் வாசகி: இரண்டு தமிழ்க் கட்டுரைகளில் எது அதிகச் சிக்கலானது என்று எண்ணால் சொல்ல முடியுமா? ஜிப் செய்து அளவைப் பார்த்தால் போதும் என்றார் ஒருவர்.

அவர் சொன்னதற்குப் பின்னால் நல்ல கோட்பாடு இருக்கிறது. ஒரு சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, அச்சிடும் மிகச் சிறிய புரோகிராமின் நீளமே அதன் சிக்கல்தன்மை; 1960-களில் சாலமோனாஃப், கோல்மோகோரோவ், சைட்டின் மூவரும் தனித்தனியே இதற்கு வந்து சேர்ந்தார்கள். இதுவரை பேசியது நேரத்தின் அளவு, இது விவரிப்பின் அளவு. இதைச் சரியாகக் கணக்கிடும் அல்காரிதம் இருக்க முடியாது என்பதும் நிறுவப்பட்டது. ஜிப் தருவது மேலெல்லை மட்டும். பையின் முதல் 10 லட்சம் இலக்கங்களை ஜிப் செய்தால் 4 லட்சம் பைட்டுக்குக் கீழே இறங்காது; இலக்கங்கள் ரேண்டமாகவே அதற்குத் தெரியும். உண்மையில் சில வரி புரோகிராம் அவை அத்தனையையும் அச்சிடும்.

தமிழில் அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே. இரண்டாவது பைட்டுக்கு இரண்டே மதிப்பு. அதனால் எந்தத் தமிழ்க் கோப்பும் ஜிப்பில் பிரமாதமாகச் சுருங்குவது போலத் தெரியும், அதே பொருளின் ஆங்கிலக் கோப்பு அவ்வளவு சுருங்காதது போலத் தெரியும். அந்தச் சுருக்கத்தில் பெரும்பங்கு எழுத்துகளை பைட்டாக மாற்றும் குறியாக்க முறையால் வந்தது. ஆகவே சுருங்கிய அளவைக் கோப்பின் அளவால் வகுக்காமல், யூனிகோடு குறிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். இரண்டு கட்டுரைகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நீளமானது பெரும்பாலும் ஒரு குறிக்குக் குறைவாகவே காட்டும். இரண்டுமே ஒரே வகை யூனிகோடு வடிவில் இருக்கட்டும்: ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம்; ஒரு கோப்பில் இப்படியும் மற்றதில் அப்படியும் இருந்தால் ஒப்பீடு கெடும். சில கிலோபைட்டுக்குக் குறைந்த கோப்பில் ஜிப்பின் தலைப்புப் பகுதியே கணிசமாக இருக்கும், வேண்டாம். ஜிப் திரும்பிப் பார்ப்பது 32 கிலோபைட் மட்டும், தமிழில் அது சுமார் 11,000 குறிகள். நீண்ட கட்டுரைகளுக்கு எக்ஸ்ஜெட் (xz) என்ற சுருக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

கிடைக்கும் எண் சொற்கள் எவ்வளவு திரும்ப வருகின்றன என்பதைக் காட்டும். ஆறாம் வகுப்பு மாணவிக்கு எது புரியும் என்பதை அது அளக்காது. எழுத்துகளைக் கலைத்துப் போட்ட கோப்புதான் இரண்டையும்விடப் பெரிய எண் வாங்கும்.